ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் படத்தை எங்கே ஏற்றுவது?

கேள்வி: யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் எங்கள் பகுதியின் நூலகம், பூங்கா, மருந்துக்கடை என்று இடங்களைச் சேர்த்து வருகிறேன். படம் ஏற்ற எடிட்டரில் பொத்தானே காணோம். சமூக ஊடகத்தில் நான் போட்டிருந்த ஐந்து படங்களின் இணைப்பை 'இமேஜ்' குறிச்சொல்லில் ஒட்டிப் பார்த்தேன். சில வாரங்களில் ஐந்தும் திறக்காமல் போய்விட்டன. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. முதலில், அப்படி ஒரு பொத்தான் எடிட்டரில் கிடையாது. நீங்கள் எதையும் தவறவிடவில்லை. 2004-இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் வரைபடத் தரவு என்பது புள்ளிகள், கோடுகள், அவற்றுக்கு இடையேயான உறவுகள், இவற்றின் விவரங்களைச் சொல்ல இவற்றின் மேல் எழுதும் குறிச்சொற்கள், அவ்வளவுதான். ஒரு குறிச்சொல்லின் மதிப்பு 255 எழுத்துகளைத் தாண்ட முடியாது. அதனால் படம் வேறோர் இடத்தில்தான் குடியிருக்க வேண்டும். அதன் முகவரியைத்தான் நாம் வரைபடத்தில் எழுதுகிறோம். எந்த இடத்தில் குடிவைப்பது என்பதை யோசித்து முடிவு செய்தால் பாதி வேலை முடிந்தது.

சமூக ஊடகப் பட முகவரிகள் பலவற்றில் காலாவதிக் குறி ஒன்று சேர்ந்தே வரும். கெடு முடிந்ததும் அதே படத்துக்குப் புது முகவரி கிடைக்கும், பழையது திறக்காது. உங்களுக்கும் அதுதான் நடந்திருக்க வேண்டும். இலவசமாகப் படம் வைக்கும் தளங்களையும் முழுதாக நம்ப முடியாது. கணக்கில்லாமல் ஏற்றப்பட்டு நெடுநாள் பார்க்கப்படாத பழைய படங்களை நீக்கப்போவதாக இம்கர் 2023-இல் அறிவித்தபோது, அதை நம்பியிருந்த எத்தனையோ இணைப்புகள் ஆட்டம் கண்டன.

நூலகம், பூங்கா போன்ற பொது இடங்களுக்கு என் முதல் தேர்வு, விக்கிப்பீடியாவின் படங்கள் தங்கும் பொதுக் கிடங்கான விக்கிமீடியா காமன்ஸ். ஏற்றும்போது 'என் சொந்தப் படைப்பு' என்று தேர்ந்தெடுத்து, பிறரும் படத்தைப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் ஒன்றைக் கொடுங்கள். வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தை அங்கே ஏற்க மாட்டார்கள். பலர் படம் நீக்கப்பட்டதும் மனம் நொந்துபோவது இங்கேதான். கோப்புக்கு இடத்தின் பெயரையும் ஊரையும் சேர்த்து வையுங்கள். பிறகு வரைபடத்தில் 'விக்கிமீடியா காமன்ஸ்' குறிச்சொல்லைச் சேர்த்து, 'ஃபைல்' என்ற முன்னொட்டும் முக்காற்புள்ளியும் போட்டுக் கோப்பின் பெயரை எழுதுங்கள். முழு இணைய முகவரி வேண்டாம். ஒரே இடத்துக்குப் பல படங்கள் இருந்தால், காமன்ஸில் அவற்றுக்கு ஒரு பகுப்பு உருவாக்கி அந்தப் பகுப்பின் பெயரையே கொடுக்கலாம்.

மருந்துக்கடை முகப்பு போன்ற அன்றாடப் படங்களுக்குப் பனோராமக்ஸ் பொருத்தம். பிரான்சின் நில அளவை நிறுவனமும் அந்நாட்டு ஓபன்ஸ்ட்ரீட்மேப் அமைப்பும் 2022-இல் தொடங்கிய, தெருப்படங்களைத் திறந்த முறையில் சேமிக்கும் முயற்சி இது. முகங்களையும் வண்டி எண்களையும் தானாகவே மங்கலாக்கிவிடும். இதில் நேரடியாக ஏற்றுவதைவிட எளிய வழி, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் விவரம் சேர்க்க உதவும் மேப்கம்ப்ளீட் தளம். உங்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் கணக்கால் நுழைந்து, இடத்தைத் தொட்டு, படத்தைக் கொடுத்தால் போதும். பனோராமக்ஸில் ஏற்றுவது, குறிச்சொல் எழுதுவது இரண்டையும் அதுவே பார்த்துக்கொள்ளும். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன். 2020-இல் ஃபேஸ்புக் வாங்கிய மேப்பிலரி, தெரு நெடுகத் தொடர்படம் எடுப்பவர்களுக்கு நல்லது. ஒற்றைக் கட்டடத்துக்கு அது தேவையில்லை.

எங்கே வைத்தாலும் படம் நீங்கள் எடுத்ததாக இருக்கட்டும். வேறு வரைபடச் சேவையிலிருந்தோ கடையின் இணையதளத்திலிருந்தோ எடுத்துப் போடாதீர்கள். சிற்பம், சுவரோவியம் முதலியவற்றில் இன்னும் கவனம் தேவை: படம் உங்களுடையது, அதற்குள் இருக்கும் படைப்பு இன்னொருவருடையது. பொது இடத்தில் இருப்பதைப் படமெடுத்து வெளியிடும் உரிமை நாட்டுக்கு நாடு மாறும். ஈபிள் கோபுரத்தையே பாருங்கள்: பகலில் எடுத்த படத்துக்குத் தடையில்லை, இரவு விளக்கலங்காரத்துக்கோ காப்புரிமை உண்டு. காமன்ஸில் நாடுவாரியாக இந்த விதிகளைத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். ஐயம் வந்தால் அதைப் பாருங்கள்.

படமெடுக்கும் முன் கைப்பேசி கேமராவில் இருப்பிடத்தை இயக்கிக்கொள்ளுங்கள். எடுத்த இடமும் நேரமும் கோப்புக்குள்ளேயே பதிந்துவிடும், காமன்ஸ் அதைத் தானே படித்துக்கொள்ளும். ஆனால் வாட்ஸப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தத் தகவல் உதிர்ந்துவிடும், மூலக்கோப்பையே ஏற்றுங்கள். உங்கள் வீட்டு வாசலில் நின்று எடுத்த படம் என்றால், அதே தகவல் உங்கள் வீட்டைக் காட்டிக்கொடுக்கும் என்பதையும் மறக்காதீர்கள்.

எதைப் படமெடுப்பது? பெயர்ப்பலகையோடு முகப்பு ஒன்று. அடுத்தது நுழைவாயில், படிகளும் சாய்தளமும் தெரியும்படி. நான் மிகவும் மதிப்பது இந்த இரண்டாவது படத்தைத்தான். சக்கர நாற்காலியில் வருபவருக்கு 'வசதி உண்டு' என்ற குறிச்சொல்லைவிட, அந்தச் சாய்தளம் எவ்வளவு செங்குத்து என்று காட்டும் படம் பெரிய உதவி. வேலை நேரப் பலகையைப் படமெடுத்தால், அதிலுள்ள நேரத்தைக் குறிச்சொல்லாக எழுதிவிடுங்கள். படத்தில் மட்டும் இருந்தால் எந்தச் செயலியாலும் தேட முடியாது.

வரைபட விவரங்களை நிரப்ப உதவும் ஸ்ட்ரீட்கம்ப்ளீட் செயலியிலும் படம் இணைக்கலாமே என்று கேட்பீர்கள். அது, மற்றவர்கள் பார்த்து வரைபடத்தைத் திருத்த நீங்கள் விட்டுச்செல்லும் குறிப்போடு போகும் சான்று மட்டுமே. குறிப்பைத் தீர்த்த சில நாட்களில் படம் நீக்கப்படும்.

எல்லாம் செய்த பிறகு ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் முகப்பு வரைபடத்தில் படம் தெரியவில்லையே என்று தேடாதீர்கள், அங்கே தெரியாது. காமன்ஸ் படம், இந்த வரைபடத்தைக் கைப்பேசியில் காட்டும் ஆஸ்மாண்ட் செயலியில் அந்த இடத்தைத் தொட்டால் வரும். மேப்கம்ப்ளீட்டில் ஏற்றியது அங்கேயே தெரியும்.

இப்போது உங்கள் ஐந்து இடங்கள். செத்துப்போன 'இமேஜ்' குறிச்சொற்களை முதலில் நீக்குங்கள். சமூக ஊடகத்திலிருந்து படத்தைத் திரும்ப இறக்கினால் அளவு சுருங்கி, இருப்பிடத் தகவலும் போயிருக்கும். கைப்பேசியில் மூலப்படம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு மணி நேர வேலைதான். இல்லாவிட்டால், அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது வாசல் பக்கமாக ஒன்று எடுத்து வாருங்கள்.