ஹம்பியில் ஒரு நாள், நடந்தே: கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான் கையில் இருக்கிறது. ஹம்பி முழுவதையும் பார்த்துவிடலாமா? (சேலத்திலிருந்து)

முடியாது. பாதியைப் பாருங்கள், நின்று பாருங்கள். ஹொசபேட்டை ரயில் நிலையத்திலிருந்து ஹம்பி சுமார் 13 கி.மீ. காலையிலேயே பஸ் பிடித்து விரூபாட்சர் கோயிலுக்குப் போய்விடுங்கள். அங்கே இன்றும் பூசை நடக்கிறது. கோயிலின் பின்பக்கம் ஓர் இருட்டறை உண்டு. ஒரு சின்னத் துளை வழியாக வரும் வெளிச்சத்தில் ராஜகோபுரத்தின் நிழல் எதிர்ச்சுவரில் தலைகீழாக விழும்.

அப்புறம் கோயில் வாசலிலிருந்து கடைவீதியில் நேர் கிழக்கே நடங்கள். கோடியில் பெரிய நந்தி இருக்கும். பக்கத்துப் படிகளில் ஏறி மறுபுறம் இறங்கினால் மதங்க மலையடியில் அச்சுதராயர் கோயில். கூட்டம் இங்கே வருவதில்லை. எனக்கு ஹம்பியிலேயே பிடித்த இடம் இதுதான். இதன் எதிரே உள்ள பழைய கடைவீதி ஆற்றை நோக்கிப் போகிறது. கரையோரமாகவே நடந்தால் விட்டலர் கோயில். மொத்தம் 3 கி.மீ. போலத்தான், ஆனால் பாறைமேல் ஏறி இறங்க வேண்டும். நல்ல பிடிப்புள்ள செருப்பு அவசியம்.

வெயில் தாழ்ந்ததும் ஹேமகூட மலை, கடலைப் பிள்ளையார், கிருஷ்ணர் கோயில், நரசிம்மர். ஒரு நாளுக்கு இது போதும். தாமரை மகால், மகாநவமி மேடை எல்லாம் இன்னொரு நாளைக்கு இருக்கட்டும்.

டிக்கெட் எங்கெங்கே வாங்க வேண்டும்?

விட்டலர் கோயிலில் வாங்குவதைத் தொலைத்துவிடாதீர்கள். அன்றைக்கே தாமரை மகால் பக்கம் போனால் அதே டிக்கெட் செல்லும்.

விட்டலர் கோயில் தூண்களைத் தட்டினால் ச ரி க ம வருமாமே? எப்படித் தட்ட வேண்டும்?

தட்டவே கூடாது. தடை இருக்கிறது. தடை இல்லாவிட்டாலும் தட்டாதீர்கள். ஆளுக்கொரு தட்டு என்றால், நாளைக்கு எத்தனை ஆயிரம் தட்டு? 2019-இல் சில இளைஞர்கள் ஹம்பியில் ஒரு தூணைத் தள்ளிவிட்டு அதைப் படமும் எடுத்தார்கள். நீதிமன்றம் அபராதம் போட்டது. அந்தத் தூணை அவர்களையே நிமிர்த்தவும் வைத்தது. கல்தானே என்று எதன்மேலும் ஏறாதீர்கள், சாயாதீர்கள்.

ஐம்பது ரூபாய் நோட்டில் இருக்கும் கல் தேர் ஒரே கல்லா?

இல்லை. பல கற்களை இணைத்தது. இணைப்புகளைச் சிற்ப வேலைக்குள் மறைத்திருக்கிறார்கள். உண்மையில் அது விட்டலர் கோயில் முற்றத்தில் தேர் வடிவில் கட்டிய கருடன் சன்னதி. முன்னால் நிற்கும் யானைகள் பிறகு கொண்டுவந்து வைத்தவை. யானைக்குப் பின்னால் குனிந்து பாருங்கள், முதலில் இருந்த குதிரையின் வாலும் பின்னங்காலும் தெரியும். மேலே செங்கல் விமானமும் இருந்தது. ஆங்கிலேயப் படை அதிகாரி அலெக்சாண்டர் கிரீன்லா 1856-இல் எடுத்த புகைப்படங்களில் அதைப் பார்க்கலாம். இப்போது இல்லை.

காலையில் போய் மாலையில் திரும்பினால் எல்லாம் பார்க்க முடியுமா? (திருச்சியிலிருந்து)

முதல் பதிலைப் படியுங்கள்.

உக்ர நரசிம்மர் சிலை எவ்வளவு உயரம்?

6.7 மீட்டர், ஒரே பாறையில் செதுக்கியது. 1528, கிருஷ்ணதேவராயர் காலம். ஆனால் அவர் உக்ர நரசிம்மர் இல்லை, லட்சுமி நரசிம்மர். மடியில் தாயார் இருந்தார், உடைத்துவிட்டார்கள். சிலையின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். அவரை அணைத்த தாயாரின் கை மட்டும் முதுகில் அப்படியே இருக்கிறது.

அப்படியென்றால் தாயாரைப் புதிதாகச் செய்து வைத்துவிடலாமே? பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. (மதுரையிலிருந்து)

கஷ்டமாகத்தான் இருக்கும், அம்மா. எனக்கும் முதல் தடவை அந்தக் கையைப் பார்த்தபோது பேச்சு வரவில்லை. ஆனால் புதிதாக ஒரு சிலையைச் செய்து உட்கார வைத்தால், அந்தக் கை யாருடையது என்று யாரும் தேடிப் போகமாட்டார்கள்.

முழங்காலைச் சுற்றியிருக்கும் யோகப்பட்டையைத் தொல்லியல் துறைதானே புதிதாக வைத்தது? அது சரி, இது மட்டும் தப்பா? (கோவையிலிருந்து)

நல்ல கேள்வி. பட்டை கால்களைப் பிடித்து நிறுத்துகிறது. அது இல்லாவிட்டால் சிலைக்கே ஆபத்து. இருப்பது விழாமல் தாங்கிப் பிடிப்பது ஒரு வேலை, இல்லாததைக் கற்பனையாகச் செய்வது வேறு வேலை. தாயாரின் முகம் எப்படி இருந்தது என்று நமக்கு யார் சொல்வார்கள்?

ஊர்க் கோயில்களில் பின்னமான சிலையை மாற்றிக் குடமுழுக்கு செய்கிறோமே? (மறுபடியும் மதுரை)

பூசை நடக்கும் கோயிலில் அது முறை, அதை மறுக்க மாட்டேன். இங்கே பூசை நின்று போய்விட்டது. 1565 தலைக்கோட்டைப் போரில் விஜயநகரப் பேரரசு தோற்ற பிறகு, அதன் தலைநகராக இருந்த இந்த ஊர் பட்ட பாட்டுக்கு அந்தக் கல்தான் சாட்சி. சாட்சியின் வாயை மூட வேண்டாம் என்கிறேன். உங்கள் பக்தியோடு எனக்குச் சண்டை இல்லை.

ஆற்றில் குளிக்கலாமா? விடியற்காலையில் மதங்க மலைக்குத் தனியாகப் போகலாமா?

இரண்டுமே வேண்டாம். துங்கபத்திரையில் பாறைகளுக்கு நடுவே சுழல் இருக்கிறது, அணை திறந்தால் தண்ணீர் ஏறும். மலைக்கு நாலு பேராகப் போங்கள், டார்ச் எடுத்துக்கொள்ளுங்கள்.

நல்ல ஓட்டல் எது?

எனக்குத் தெரிந்த விஷயம் இல்லை.

தூணை மெதுவாக, விரலால் மட்டும் தட்டினால்?

கூடாது.

கிருஷ்ணர் கோயில் கருவறை காலியாக இருக்குமாமே? (சென்னையிலிருந்து)

ஆமாம். கிருஷ்ணதேவராயர் உதயகிரியை வென்று அங்கிருந்து பாலகிருஷ்ணரைக் கொண்டுவந்தார். அவருக்காகக் கட்டியதுதான் இந்தக் கோயில். முற்றத்தில் நிற்கும் கன்னடக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அந்தப் பாலகிருஷ்ணர் இப்போது உங்கள் ஊரில், எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறார். ரயில் ஏறும் முன் அவரைப் பார்த்துவிட்டுப் போங்கள்.