குஞ்சு பிழைத்தால்தான் கோழிக் காசு

கேள்வி: கணவருக்கு முன்புபோல வேலை கிடைப்பதில்லை. என்னிடம் நாட்டுக்கோழியில் ஆறு பெட்டையும் ஒரு சேவலும் இருக்கின்றன. பொரிக்கிற குஞ்சில் பத்துக்கு மூன்றுதான் மிஞ்சுகிறது. மகளிர் குழுவில் 50,000 ரூபாய் கடன் எடுத்து 300 குஞ்சு வாங்கி விடலாமா?
- வாசகி, மணப்பாறை அருகில்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் சகோதரி. பத்துக்கு ஏழு சாகிற இடத்தில் 300 குஞ்சை விட்டால், செத்த குஞ்சுக்கும் சேர்த்துத் தவணை கட்ட வேண்டிவரும்.

கையில் இருப்பதைக் கணக்குப் பாருங்கள். பெட்டைக்கு ஆண்டுக்கு மூன்று அடை, அடைக்கு 12 முட்டை, அதில் 9 பொரிக்கும் என்று வைத்தால் மொத்தம் 162 குஞ்சு. இப்போது உங்களுக்கு மிஞ்சுவது ஐம்பதுகூட இல்லை. பத்துக்கு ஏழு பிழைத்தால் 113.

எந்த வயதில் சாகிறது என்று நீங்கள் எழுதவில்லை. அதுதான் முக்கியம். முதல் பத்து நாளில் ஒன்றிரண்டாகச் செத்தால் குளிர், ஈரம், காக்கை, பருந்து. வளர்ந்த பிறகு பச்சையாகவோ வெள்ளையாகவோ கழிந்து, கழுத்து திருகி, இரண்டு மூன்று நாளில் கூட்டமாகச் செத்தால் வெள்ளைக்கழிச்சல் என்று சந்தேகப்படுங்கள்.

குளிருக்கு: குஞ்சுகளைத் தாயிடமிருந்து பிரித்து வையுங்கள். அட்டையையோ தகரத்தையோ அவற்றைச் சுற்றி வட்டமாக வளைத்துக் கட்டுங்கள். மூலை இருந்தால் குஞ்சுகள் அதில் நெருக்கியடித்து மூச்சுமுட்டிச் சாகும். தரையில் இரண்டு அங்குலம் உமி. 25 குஞ்சுக்கு ஒரு 60 வாட் குண்டு பல்பை ஒன்றரை அடி உயரத்தில் தொங்கவிடுங்கள். எல்இடி பல்பு சூடு தராது. குஞ்சுகள் பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர்கிறது, இறக்குங்கள். ஓரம் ஒதுங்கி வாயைப் பிளந்தால் ஏற்றுங்கள். முதல் மாதம் வெறும் நொய் போதாது, குஞ்சுத்தீவனமே வேண்டும். இப்படிக் குஞ்சைப் பிரித்துவிட்டால் தாய்க்கோழியும் சீக்கிரம் மறுபடி முட்டைக்கு வரும்.

வெள்ளைக்கழிச்சல் வந்த பிறகு மருந்து கிடையாது. முன்கூட்டியே தடுப்பு மருந்து போட வேண்டும்: பொரித்த ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாவது வாரம் இறக்கையடித் தோலில் ஊசி. இரண்டும் தவறக்கூடாது. தடுப்பு மருந்து பெரும்பாலும் 100 கோழிக்கான குப்பியாகத்தான் வரும். கலக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். இருபது குஞ்சுக்கு ஒரு குப்பியா என்று விட்டுவிடுகிற இடத்தில்தான் பலருக்கும் நட்டம். தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து ஒரே நாளில் அடை வையுங்கள். முந்தி அடைக்கு வந்த கோழியைச் சில நாள் கூமுட்டை மேல் உட்கார வைத்திருக்கலாம். 21ஆம் நாள் எல்லார் வீட்டிலும் பொரிக்கும், ஒரு குப்பி போதும். ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்துக் கொண்டுவாருங்கள். வெயிலில் கையில் பிடித்து வந்த மருந்து போட்டும் போடாததுபோலத்தான். எப்படிப் போடுவது என்று கால்நடை மருந்தகத்தில் நேரில் காட்டச் சொல்லுங்கள்.

இன்னொன்று. சந்தையில் விலை படியாமல் திரும்பிய கோழியை நேரே கூட்டில் விடாதீர்கள். ஊரெல்லாம் நோய் பரவுவது இப்படித்தான். மூன்று வாரம் தனியே பஞ்சாரத்தில் அடையுங்கள்.

விற்பனைக்குத் தீபாவளி, பொங்கல் நாளிலிருந்து ஆறேழு மாதம் பின்னோக்கி எண்ணி அடை வையுங்கள். சேவலைக் கையில் தூக்கி மதிப்புப் போடுகிற வியாபாரியிடம் கொடுக்காமல், தராசில் நிறுத்துக் கிலோ விலைக்குக் கொடுங்கள்.

இரண்டு அடை இப்படிப் பார்த்த பிறகு, பிழைத்த குஞ்சின் எண்ணிக்கையை எழுதி அனுப்புங்கள். அப்போது கடன் எடுப்பதானாலும் கொட்டகைக்கும் வலைக்கும் எடுங்கள். குஞ்சு உங்கள் பெட்டையே தரும்.