வலிப்பு மருந்து சாப்பிடும் 6 வயது மகனுக்கு ஈறு வீங்குகிறது, பல் தேய்த்தால் ரத்தம் வருகிறது. மருந்தை நிறுத்தலாமா? (மேலூர்)

நிறுத்தவே கூடாது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நிற்காத வலிப்பு வரலாம், அது உயிருக்கே ஆபத்து. ஈறு வீக்கத்தைச் சரிசெய்ய வழி இருக்கிறது.

முதலில் மருந்தின் பெயரைப் பாருங்கள். எப்டாயின் என்று கடையில் கிடைக்கும் பினைட்டாயின் சாப்பிடுவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஈறு தடிக்கும். தொடங்கிச் சில மாதங்களில், முன்பற்களுக்கு நடுவே இருக்கும் முக்கோணச் சதை உப்பி, மெல்லப் பல்லின் மேல் ஏறும். பல்லில் அழுக்குப் படிந்திருந்தால் இது இன்னும் வேகமாக வளரும். ரத்தத்தைப் பார்த்ததும் பல அம்மாக்கள் பயந்துபோய் பிரஷ்ஷை நிறுத்திவிடுகிறார்கள். அங்கேதான் நிலைமை கைமீறுகிறது: அழுக்கு சேர்கிறது, ஈறு இன்னும் வீங்குகிறது, ரத்தமும் கூடுகிறது. மெதுவாக, ஆனால் விடாமல் தேய்த்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் ரத்தம் குறையும்.

6 வயதுப் பிள்ளைக்குத் தானாகச் சரியாகத் தேய்க்க வராது, நீங்கள்தான் தேய்க்க வேண்டும். தரையில் உட்கார்ந்து அவன் தலையை மடியில் சாய்த்துக்கொள்ளுங்கள். ஒரு விரலால் உதட்டைத் தூக்குங்கள். சின்னத் தலை உள்ள மென்மையான பிரஷ்ஷின் முடி, பல்லும் ஈறும் சேரும் கோட்டில் சாய்வாகப் படட்டும். அங்கேயே சின்னச் சின்ன வட்டமாக, மொத்தம் 2 நிமிடம் தேயுங்கள். ஃப்ளூரைடு உள்ள பேஸ்ட் பட்டாணி அளவு போதும். 3 வயதுக்குக் கீழ் என்றால் அரிசி அளவு. நுரையைத் துப்பினால் போதும், கொப்பளிக்க வேண்டாம். விரலும் பல்பொடியும் அந்த ஈறுக்கோட்டை எட்டாது. சாம்பல், செங்கல் பொடி பக்கமே போக வேண்டாம்.

சிரப் கொடுக்கிறீர்களா? பல சிரப்புகளில் சர்க்கரை இருக்கிறது. ராத்திரி டோஸைக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு பல் தேயுங்கள். பல் தேய்த்துப் படுத்த பிள்ளைக்கு சிரப் கொடுத்தால் அந்த இனிப்பு விடியும்வரை பல்லில் ஒட்டிக்கிடக்கும்.

“பால் பல்தானே, விழுந்துடும்” என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயதுவரை இருக்க வேண்டியவை. அவை சொத்தையானால் வலி, தூக்கம் கெடும், சாப்பாடு குறையும். தூக்கம் கெட்டால் சில பிள்ளைகளுக்கு வலிப்பும் கூடும்.

வலிப்பு உள்ள பிள்ளைக்குப் பல் பிடுங்கக் கூடாது என்பதும் தவறு. பெரியாஸ்பத்திரியோ உள்ளூர் பல் டாக்டரோ, எங்கே போனாலும் மருந்துச் சீட்டைக் கையில் எடுத்துப் போங்கள். கடைசியாக எப்போது வலிப்பு வந்தது என்று சொல்லுங்கள். அன்றைய மாத்திரையை வழக்கமான நேரத்தில் கொடுத்து, நன்றாகத் தூங்கி எழுந்த பிள்ளையைக் காலையிலேயே அழைத்துப் போவது நல்லது. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து சாப்பிட்டால் அவசியம் சொல்லுங்கள். அது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கலாம், பிடுங்குமுன் ரத்தப் பரிசோதனை தேவைப்படலாம். கார்பமாசிபைன் என்ற வலிப்பு மருந்து சாப்பிடும் பிள்ளைக்கு எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் ரத்தத்தில் வலிப்பு மருந்தின் அளவு ஏறித் தலைசுற்றலாம், தள்ளாடலாம். அதனால் பல்வலிக்கு மெடிக்கலில் கேட்டு மாத்திரை வாங்க வேண்டாம். ஈறு பல்லை மூடிவிட்டால் வெட்டிச் சரிசெய்யலாம், ஆனால் தேய்ப்பது சரியில்லை என்றால் மறுபடியும் வளரும். மருந்தை மாற்ற முடியுமா என்பதை நரம்பியல் டாக்டரிடம் கேளுங்கள்.

வலிப்பு வரும்போது வாயில் கரண்டி, துணி, விரல் எதுவும் வேண்டாம். அப்படிச் செய்தால் பல் உடையலாம். கையில் சாவி, இரும்பு கொடுப்பதாலும் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்கவைத்து மணி பாருங்கள். 5 நிமிடம் தாண்டினால் 108. விழுந்து நிரந்தரப் பல் முழுதாகக் கழன்றால், வேரைத் தொடாமல் மேல்பாகத்தைப் பிடித்து எடுத்துப் பாலில் போட்டு, அரை மணி நேரத்துக்குள் பல் டாக்டரிடம் ஓடுங்கள். பால் பல்லைத் திரும்பப் பொருத்த மாட்டார்கள். ஆனால் எந்தப் பல்லாக இருந்தாலும் துண்டு கிடைக்கவில்லை என்றால், அது மூச்சுக்குழாயில் போயிருக்கலாம் என்று டாக்டரிடம் சொல்லி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள்.