ஒரே பெயரில் மூன்று லைப்ரரியில் ஃபைல் இருந்தால் ஆர்பிஜி நிரலை எப்படி எழுதுவது?

மூன்று தோட்டத்துக்கு மூன்று லைப்ரரி (ஃபைல்களை வைக்கும் அடுக்கு), மூன்றிலும் செக்ரோல் ஃபைலுக்கு, அதாவது தொழிலாளர் வருகை, கூலிப் பதிவுக்கு, ஒரே பெயர், இதற்காக ஆர்பிஜி மொழியில் எழுதிய நிரலை மூன்று பிரதி எடுத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டவே வேண்டாம். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டச் சம்பளக் கணக்கை இன்னும் ஐபிஎம்மின் ஏஎஸ்/400 கணினியில்தான் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். பிடித்தம் ஏதாவது மாறினால் இரண்டு பிரதியைத் திருத்துவார்கள், மூன்றாவது யார் கண்ணிலும் படாது.

நிரலுக்குள் லைப்ரரி பெயரே வரக்கூடாது. ஃபைல் பெயரை மட்டும் எழுதினால், ஜாப்பின் (ஒருவர் சைன் ஆன் செய்து ஓட்டும் வேலையின்) லைப்ரரி லிஸ்டை மேலிருந்து பார்த்து முதலில் அகப்படுவதைத் திறக்கும். கிராணி (தோட்டத்து எழுத்தர்) சைன் ஆன் செய்ததும் ஓடுகிற சிஎல் நிரலில், அதாவது கணினிக் கட்டளைகளை வரிசையாக எழுதிய நிரலில், அவருடைய தோட்டத்து லைப்ரரியை மேலே போடுங்கள், பொது ஃபைல்கள் உள்ளது அதற்குக் கீழே. ஆனால் தோட்டம் மாறும்போது பழைய லைப்ரரியை லிஸ்டிலிருந்து எடுத்துவிட வேண்டும். இரண்டும் இருந்தால், புதியதில் ஒரு ஃபைல் இல்லாமல் போனாலும் பிழை வராது, சத்தமில்லாமல் பக்கத்துத் தோட்டத்து ஃபைலைத் திறந்து எழுதிவிடும். இதை விடப் பிழை வந்து நிற்பதே மேல்.

சரி, மாதக் கடைசியில் மூன்றையும் ஒரே ஓட்டத்தில் படிக்க வேண்டும் என்றால்? அங்கே எக்ஸ்ட்ஃபைல் (EXTFILE), எந்த ஃபைலைத் திறப்பது என்று ஓடும்போது சொல்ல உதவும் ஆர்பிஜி சொல். 2001-இல் வி5ஆர்1 சிஸ்டம் பதிப்போடு வந்தது. ஃபைலை நாமே திறப்பதாக அறிவித்துவிட்டு, 21 எழுத்து கொள்ளும் ஒரு மாறியில் லைப்ரரி, சாய்கோடு, ஃபைல் பெயர் என்று பெரிய எழுத்தில் நிரப்பி, திற, படி, மூடு, அடுத்த தோட்டத்தின் பெயரைப் போடு. எழுத வேண்டியதில்லை, படித்தால் போதும் என்றால் இதுகூட வேண்டாம், மூன்றையும் யூனியன் ஆல் போட்டு ஒன்றாக அடுக்கி, தோட்டக் குறியீட்டோடு ஒரே ஃபைல் போலப் படிக்கிற ஒரு எஸ்க்யூஎல் வியூ செய்துவிடுங்கள்.

ஒரு ஃபைலுக்குப் பதிலாக வேறு ஃபைலைத் திறக்கச் சொல்லும் ஓவர்ரைடு கட்டளையைப் பலர் முதலில் சொல்வார்கள். எனக்கு அது கடைசி. பழைய பாணி சிஎல்லில் ஓவர்ரைடு போட்டு அந்த சிஎல் முடிந்துவிட்டால் ஓவர்ரைடும் அதோடு போய்விடும், அப்புறம் ஏன் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பீர்கள். அதற்குப் பயந்து ஜாப் முழுவதற்கும் போட்டால், மெனுவில் வேறு தோட்டத்துக்குப் போன பிறகும் பழைய ஃபைல்தான் திறக்கும். இரண்டையும் கலந்தால் இன்னொரு வம்பு: எக்ஸ்ட்ஃபைல் இருக்கும்போது நிரலில் அறிவித்த பெயருக்குப் போட்ட ஓவர்ரைடு செல்லாது, மாறியில் உள்ள ஃபைல் பெயருக்குப் போட்டதுதான் செல்லும். மாறியில் லைப்ரரியைச் சேர்த்தே எழுதியிருந்தாலும் அந்த ஓவர்ரைடுதான் ஜெயிக்கும்.

எந்த வழியில் போனாலும் மூன்று ஃபைலின் அமைப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். 2018 ஜனவரியில் வேலை காப்புறுதித் திட்டப் பிடித்தம் வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு அலுவலகத்தில் இரண்டு லைப்ரரியில் புது ஃபீல்டு சேர்த்து, நிரலை கம்பைல் செய்துவிட்டார்கள். மூன்றாவது தோட்டத்து ஃபைலைத் திறந்ததும் சிபிஎஃப்4131 என்ற பிழை, லெவல் செக்: நிரல் கம்பைல் ஆனபோது இருந்த அமைப்பும் ஃபைலின் அமைப்பும் ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். யாரோ ஒரு புத்திசாலி லெவல் செக்கை அணைத்துவிடலாம் என்றாராம். அணைத்தால் ஓடும்தான், ஆனால் இல்லாத ஃபீல்டின் இடத்தில் அடுத்த ஃபீல்டின் எண்ணைப் படித்துப் பிடித்தம் போடும், சம்பள நாளில் ஆபீஸ் வாசலில் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கும். மூன்றாவது ஃபைலிலும் ஃபீல்டைச் சேர்த்துவிடுங்கள், அவ்வளவுதான்.

எது திறந்திருக்கிறது என்று சந்தேகம் வந்தால் அந்த ஜாப்பில் டிஎஸ்பிஜாப் (DSPJOB) கட்டளை போட்டு, வரும் மெனுவில் 13, 14, 15 பாருங்கள்: லைப்ரரி லிஸ்ட், திறந்த ஃபைல்கள், ஓவர்ரைடுகள். 14-இல் ஃபைலுக்குப் பக்கத்திலேயே லைப்ரரி பெயர் இருக்கும். நிரலைத் திறந்து வரிவரியாகப் பார்ப்பதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.