கிறிஸ்தவர்கள் சர்ச்சுக்கு என்ன உடுத்திப் போக வேண்டும்?

ஜீன்ஸ் போட்டு ஆராதனைக்குப் போனதற்குச் சபைக் கமிட்டிப் பெரியவர் ஒருவர் வாசலிலேயே கண்டித்துவிட்டார், இதற்கு வேதத்தில் சட்டம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இல்லை. யாத்திராகமம் 28-ல் ஆரோனுக்கு ஏபோத்து, மார்ப்பதக்கம், பாகை, இடைக்கச்சை என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருக்கிறது, ஆனால் அது ஆசாரியனுக்கு. சபையில் வந்து உட்காருகிறவர்கள் இன்ன துணிதான் உடுத்த வேண்டும் என்று புதிய ஏற்பாட்டில் எங்கும் கிடையாது. 1 தீமோத்தேயு 2:9-ஐ எடுத்துக் காட்டுவார்கள். முழுசாகப் படித்துப் பாருங்கள், தகுதியான வஸ்திரம் என்று ஒரு வார்த்தைதான், அதற்கு முன்னால் பொன்னையும் முத்தையும் விலையேறப்பெற்ற வஸ்திரத்தையும் பேர் சொல்லி வேண்டாம் என்கிறார் பவுல். கிறிஸ்மஸ் அன்று பட்டுச்சேலையும் பத்துப் பவுனுமாக வருகிறவர்களை யாரும் வாசலில் நிறுத்தி நான் பார்த்ததில்லை. இது எனக்குப் பல வருஷமாக மனசில் கிடக்கிற வருத்தம்.

நான் பிறந்தது மார்த்தாண்டம் பக்கம், கட்டிக்கொடுத்தது பாறசாலைக்கு. நடுவில் களியக்காவிளை, அதைத் தாண்டினால் கேரளா. இந்தக் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே சி.எஸ்.ஐ. காரர்கள், லத்தீன் கத்தோலிக்கர், மலங்கரைக்காரர், பெந்தெகொஸ்தே என்று எல்லாரும் இருக்கிறோம், ஆளுக்கொரு வழக்கம். என் வீட்டுக்காரரின் அத்தை பெந்தெகொஸ்தே சபைக்குப் போனபிறகு தாலிச் செயினைக்கூடக் கழற்றிவிட்டார், வெள்ளைச் சேலைதான். நாங்கள் ஜெபத்துக்குச் சேலைத் தலைப்பால் முக்காடு போடுவோம். கோட்டயம், திருவல்லா பக்கம் போனால் இன்னும் சில வயசான அம்மச்சிமார் வெள்ளைச் சட்டையும், பின்னால் விசிறி மாதிரி மடிப்பு வைத்த முண்டுமாக வருவார்கள். இதில் எது கிறிஸ்தவ உடை என்று கேட்டால் நான் என்ன சொல்ல? எல்லாமே அந்தந்த ஊர் உடைதான்.

ஆனால் உடை பெரிய விஷயமே இல்லை என்று எங்கள் ஊர்க்காரர் யாரும் சொல்ல முடியாது. இது பழைய திருவிதாங்கூர். இங்கே நாடார் பெண்களும் அவர்களுக்குக் கீழே வைக்கப்பட்டிருந்த மற்ற சாதிப் பெண்களும் மேலே துணி போடக்கூடாது என்று இருந்தது. கர்னல் மன்றோ திவானாக இருந்தபோது, கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவு வந்தது, மிஷனரிமாரின் மனைவிகள் தைக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் சும்மா விடவில்லை. சந்தையில் வைத்துச் சட்டையைக் கிழித்தார்கள், 1829-ல் தோள்சீலை போடக்கூடாது என்று அரசாங்கமே விளம்பரம் போட்டது, 1858-லும் 59-லும் வீடுகளும் ஜெபாலயங்களும் எரிந்தன. கடைசியில் 1859 ஜூலை 26-ந்தேதி உத்திரம் திருநாள் மகாராஜா மேலே துணி போட அனுமதி கொடுத்தார், அப்போதும் உயர்ந்த சாதிப் பெண்கள் போடுகிற மாதிரி போடக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு பெண் என்ன உடுத்தலாம் என்று வேறு யாரோ முடிவு பண்ணினால் என்ன ஆகும் என்பதை எங்கள் பாட்டிமார் அனுபவித்திருக்கிறார்கள்.

என் அப்பாவைப் பெற்ற பாட்டியிடம் நல்ல முண்டும், மேலே போடுகிற நேரியதும் ஒரே ஒரு ஜோடி இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் துவைத்து, கஞ்சியும் இரண்டு சொட்டு நீலமும் போட்டு, காயப் போட்டு, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே கையால் நீவி நீவி மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுப்பார். இஸ்திரிப் பெட்டி கிடையாது. காலையில் எடுத்தால் மடிப்பு கத்தி மாதிரி நிற்கும், பக்கத்தில் நின்றால் கஞ்சி வாசனை வரும். கல்யாண வீட்டுக்குக்கூட அதை உடுத்தமாட்டார், ஆண்டவருக்கு எடுத்து வைத்தது என்பார். அந்த நேர்த்தியை நான் மதிக்கிறேன், என் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்புறம் நான் செய்த தப்பையும் சொல்கிறேன். சில வருஷத்துக்கு முன்னால் எங்கள் பெண்கள் சங்கத்தில், அறுப்பின் பண்டிகைக்கு எல்லாரும் ஒரே கலர் சேலை எடுப்போம் என்று பேச்சு வந்தது. ஆளுக்கு 850 ரூபாய். நானும் சரி என்று கை தூக்கினேன். எங்களில் ஒரு அக்காவுக்கு அண்டி ஆபீசில், அதாவது முந்திரிக்கொட்டைக் கம்பெனியில், கொட்டையின் தோலை உடைக்கிற வேலை, கையெல்லாம் அண்டிக் கறை, வீட்டுக்காரர் இல்லை, இரண்டு பிள்ளைகள். அவர் பணம் தரவில்லை, பண்டிகைக்கும் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. பிள்ளைகளுக்குச் சுகமில்லை போல என்று நினைத்து விட்டுவிட்டோம். மூன்று மாசம் கழித்து நானும் இன்னொருவரும் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்கார வைத்துக் கட்டன்சாயா கொடுத்தார், முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “இனி எந்தக் கலருக்கு எடுக்கணும் மோளே?” எனக்குப் பதில் வரவில்லை. மினுக்குள்ள வஸ்திரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்லி, கந்தை உடுத்தியவனை அங்கே நில் என்கிற சபையைப் பற்றி யாக்கோபு 2-ல் எழுதியிருப்பது அன்றைக்கு என்னைத்தான் என்று தோன்றியது. அதற்கப்புறம் ஒரே கலர் என்ற பேச்சு எடுத்தால் நான் எழுந்து நின்று வேண்டாம் என்கிறேன், சிலருக்குக் கோபம்தான்.

சரி, உங்கள் விஷயம். துவைத்த துணி, உடம்பை மூடுகிற துணி, அதுபோதும். சேலை, சுடிதார், வேட்டி, பேன்ட், எதுவும் சரி. ஒரே ஒரு காரியம் பார்த்துக்கொள்ளுங்கள்: வீட்டில் ஒரு தடவை முழங்கால் போட்டு எழுந்து பாருங்கள். திருவிருந்துக்கு முன்னால் போய் முழங்காலில் நிற்கும்போது மேல்சட்டை குட்டையாக இருந்தால் பின்னால் ஏறும், அப்புறம் ஜெபத்தில் மனசு நிற்காது, சட்டையை இழுத்து விடுவதிலேயே போகும். ஜீன்ஸுக்கு நீளமான டாப் போட்டால் தீர்ந்தது. வேறு சபைக்குப் போனால் அங்கே முக்காடு வழக்கம் என்றால் போட்டுக்கொள்ளுங்கள், அவர்கள் வீட்டுக்குப் போகிறோம் இல்லையா.

அந்தப் பெரியவரிடம் சண்டைக்குப் போக வேண்டாம். அடுத்த ஞாயிறும் போங்கள், அவருக்கு ஸ்தோத்திரம் சொல்லுங்கள், உங்கள் இடத்தில் உட்காருங்கள். ஆராதனை முடிந்து ஐயரை, அதாவது உங்கள் சபைப் போதகரை, தனியாகப் பார்த்து, வாசலில் நடந்ததைச் சொல்லிவிடுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளைகளுக்காகவாவது அது அவர் காதுக்குப் போக வேண்டும்.