அயல்நாட்டுத் தபாலில் பணமும் நகையும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: வெளிநாட்டில் படிக்கும் என் அக்காள் மகனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்குள் இரண்டு நூறு டாலர் நோட்டுகளை வைத்துச் சாதாரண விமானத் தபாலில் அனுப்பினேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாலும் தெரியக்கூடாது என்று கார்பன் காகிதத்தில் சுற்றியிருந்தேன். மூன்று மாதமாகியும் போய்ச் சேரவில்லை. யாரிடம் புகார் கொடுப்பது?

அனுப்பிய அஞ்சலகத்தில் புகார் எழுதிக் கொடுக்கலாம். ஆனால் பணம் திரும்பி வரும் என்று எண்ண வேண்டாம். நீங்கள் பெட்டியில் போட்ட உறை, உள்ளூர் அஞ்சலகத்திலிருந்து தபால் பிரிக்கும் நிலையத்துக்கும், அங்கிருந்து வெளிநாட்டுத் தபால் பரிமாற்ற அலுவலகத்துக்கும், விமானத்துக்கும், சில வேளைகளில் இடையில் மூன்றாவது நாடொன்றுக்கும், பிறகு சேர வேண்டிய நாட்டின் பரிமாற்ற அலுவலகத்துக்கும் சுங்கத்துக்கும், கடைசியாகத் தபால்காரரிடமும் போகிறது. இத்தனை கை மாறியும் அந்த உறைக்கென்று எந்த இடத்திலும் ஒரு வரி பதிவாவதில்லை. எண் இல்லாத உறையை எந்த இடத்தில் காணாமற்போனது என்று தேடத் தொடங்குவதற்கே வழியில்லை.

புகார் எழுதுவதிலும் ஒரு சங்கடம் உண்டு. 1874இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தொடங்கப்பட்டு இன்று 192 நாடுகளை உறுப்பினராகக் கொண்டுள்ள உலக அஞ்சல் ஒன்றியத்தின் உடன்படிக்கை, நாணயம், பணத்தாள், வைத்திருப்பவர் எவரும் மாற்றிக்கொள்ளக்கூடிய பத்திரங்கள், பயணிகள் காசோலை, தங்கம், வெள்ளி, பிளாட்டினம், இரத்தினக் கற்கள், நகைகள் ஆகியவற்றைச் சாதாரணக் கடிதத்தில் அனுப்பக்கூடாது என்று பெயர் சொல்லித் தடுத்திருக்கிறது. எனவே உள்ளே பணம் இருந்தது என்று நீங்கள் எழுதுவது, விதியை மீறினேன் என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். தடை செய்யப்பட்ட பொருளுக்கு அஞ்சல் துறை பொறுப்பேற்காது.

கார்பன் காகிதம் பற்றியும் சொல்ல வேண்டும். அது கண்ணை மறைக்கலாம், விரலை மறைக்காது. வாழ்த்து அட்டை அளவுள்ள உறை, நடுவில் மட்டும் சற்றுத் தடித்து, வளைத்தால் மெல்லச் சரசரத்தால், தினமும் ஆயிரக்கணக்கான உறைகளைக் கையாளும் ஒருவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அஞ்சல் ஊழியர்களில் மிகப் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. வழியில் ஒரே ஒருவர் அப்படியில்லாமல் போனாலும் உறை போய்விடும்.

கேள்வி: ஒரு ஜோடிக் கம்மலைப் பதிவுத் தபாலில் வெளிநாட்டிலுள்ள மகளுக்கு அனுப்பினேன். உறை வந்து சேர்ந்தது, அவளும் கையெழுத்திட்டு வாங்கினாள். பிரித்துப் பார்த்தால் உள்ளே கம்மல் இல்லை. பதிவுத் தபால் பாதுகாப்பானது என்றுதானே சொல்கிறார்கள்?

பலரும் தடுமாறும் இடம் இது. பதிவுத் தபால் உறையைக் கண்காணிக்கிறது. உறைக்குள் இருப்பதை அன்று. ஒவ்வொரு கை மாற்றத்திலும் உறை பதிவாகிறது, பெறுபவர் கையெழுத்திடுகிறார், உறை எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிக்க முடிகிறது. அது தரும் பாதுகாப்பு அவ்வளவே. தொலைந்த பதிவுக் கடிதத்துக்கு நாடுகளிடையே உள்ள இழப்பீட்டு வரம்பு 30 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள். இது பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு. 30 அலகு என்பது ஏறக்குறைய 40 அமெரிக்க டாலர். மேலே சொன்ன தடைப் பட்டியலிலுள்ள நகை, இரு நாட்டுச் சட்டங்களும் அனுமதித்தால் மட்டுமே மூடிய உறையில் பதிவுத் தபாலில் போகலாம். அனுமதி இல்லையென்றால் அந்தத் தொகைகூடக் கிடைப்பது அரிது. நகைக்கு ஏற்ற வழி காப்பீடு செய்த தபால்.

உங்கள் ரசீதிலுள்ள எண்ணைப் பாருங்கள். இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து என்று பதின்மூன்று குறிகள் இருக்கும். முதல் எழுத்து ‘ஆர்’ என்றால் அது பதிவுத் தபால். ‘வி’ என்றால் காப்பீட்டுத் தபால். ‘எல்’ என்றால் எங்கே போகிறது என்று இணையத்தில் பார்க்க மட்டும் வசதியுள்ள தபால். பார்கோடு ஒட்டியிருக்கிறது, எண் தந்திருக்கிறார்கள், ஆகவே காப்பீடும் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போகிறவர்களை அந்த முதல் எழுத்தே திருத்திவிடும்.

காப்பீட்டுத் தபாலுக்கு விதிகள் எவ்வளவு கடுமையானவை என்பதைப் பார்த்தால், திருட்டு எப்படி நடக்கும் என்பதை அவற்றை வகுத்தவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள் என்பது புரியும். கண்ணாடித்தாள் சன்னல் வைத்த உறை கூடாது. முகவரியைப் பென்சிலால் எழுதக்கூடாது. அடித்தல் திருத்தல் கூடாது. பெறுபவரின் பெயரை முதலெழுத்துகளாக மட்டும் எழுதக்கூடாது. அஞ்சல் தலைகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும், உறையின் விளிம்பில் மடித்து ஒட்டக்கூடாது. அஞ்சல் தலைக்கு அடியில் ஒரு கிழிசலை மறைத்துவிட முடியும் என்பதே காரணம். அனுப்புபவருக்கே உரிய அடையாளம் பதிந்த ஒரே மாதிரியான அரக்கு முத்திரை, அல்லது அதற்கு ஈடான வேறு முத்திரை வேண்டும். காப்பீட்டுத் தொகை பொருளின் உண்மை மதிப்பைத் தாண்டக்கூடாது. குறைத்துக் காட்டலாம், ஆனால் இழப்பீடும் அந்த அளவோடு நின்றுவிடும். பாட்டி கழற்றிக் கொடுத்த கம்மல் என்பதற்கு எந்தக் காப்பீட்டிலும் விலை கிடையாது.

இனி, நடைமுறைக்கு. விசாரணை கேட்பதற்கான காலவரம்பு, அனுப்பிய மறுநாளிலிருந்து ஆறு மாதம். உங்கள் மகள் உறையைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கட்டும். பக்கவாட்டில் பிளேடால் கீறி மறுபடி ஒட்டிய தடம் பெரும்பாலும் தெரியும். அடுத்த முறை, உறை கசங்கியோ கிழிந்தோ வந்தால் கையெழுத்திடும் முன்பே தபால்காரர் எதிரில் எடை பார்க்கச் சொல்லி, குறையை எழுத்தில் பதிய வைக்க வேண்டும். எந்த மறுப்பும் இல்லாமல் வாங்கிக்கொண்டால், சரியாக ஒப்படைத்தாயிற்று என்று அஞ்சல் துறை சொல்லும், அந்த வாதத்தை உடைப்பது கடினம்.

கேள்வி: உலகிலேயே பெரிய வைரத்தைப் பதிவுத் தபாலில்தான் கடல் கடந்து அனுப்பினார்களாமே? வைரத்துக்குச் சரி, நமக்கு மட்டும் ஆபத்தா?

கல்லினன் வைரத்தைச் சொல்கிறீர்கள். 1905இல் தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் கிடைத்த, 3,100 காரட்டுக்கு மேற்பட்ட அந்தக் கல்லை இலண்டனுக்கு அனுப்பியபோது, துப்பறிவாளர் காவலோடு கப்பல் தலைவரின் பெட்டகத்தில் போலிக் கல்லொன்றை ஆரவாரமாக ஏற்றிவிட்டு, உண்மைக் கல்லைச் சாதாரணப் பெட்டியில் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள் என்பது பரவலாகப் பதிவான செய்தி. அங்கே காப்பாற்றியது பதிவுத் தபால் அன்று. எல்லார் கண்ணும் வேறிடத்தில் இருந்தது. உங்கள் பொட்டலத்தோடு துப்பறிவாளர்கள் சூழ்ந்த இன்னொரு கப்பலையும் அனுப்ப முடியுமானால் முயன்று பார்க்கலாம்.

கேள்வி: நான் அமெச்சூர் வானொலி இயக்குபவன், பொழுதுபோக்காகப் பிற நாட்டு இயக்குபவர்களோடு வானொலியில் பேசுகிறேன். தொடர்பை உறுதிப்படுத்தும் அட்டை கேட்டு எழுதும்போது, மறுதபால் செலவுக்கு ஒரு டாலர் நோட்டு வைப்பது எங்களிடையே வழக்கம். பல கடிதங்கள் போய்ச் சேருவதில்லை. ஒரு டாலருக்காகவா திருடுவார்கள்?

ஒரு டாலருக்காக அன்று. அதே முகவரிக்கு நாள்தோறும் வரும் பல கடிதங்களுக்காக. இயக்குபவர்கள் அரிதாக உள்ள நாடொன்றிலிருந்து பேசும் ஒருவருக்கு உலகெங்கிலுமிருந்து உறைகள் குவியும், ஏறக்குறைய ஒவ்வொன்றிலும் டாலர் இருக்கும் என்பது அங்குள்ள அஞ்சலகத்தில் தெரிந்துபோனால் பிறகு கேட்க வேண்டாம். உறையின் மேல் நிலைய அழைப்புக் குறியீட்டைப் பெரிதாக எழுதுவது அதற்கு விளம்பரம் செய்வதைப் போன்றது. பெயரும் முகவரியும் மட்டும் போதும்.

இந்தத் தேவைக்காகவே 1906இல் உரோமில் கூடிய அஞ்சல் மாநாட்டில் பன்னாட்டு மறுமொழிக் கூப்பனை ஏற்படுத்தினார்கள். அதைக் கொடுத்தால், பெறுபவர் தம் நாட்டில் வெளிநாட்டுக் கடிதம் ஒன்றுக்கான குறைந்தபட்ச அஞ்சல் தலையை வாங்கிக்கொள்ளலாம். கூப்பனை விற்பது ஒவ்வொரு நாட்டின் விருப்பம். மாற்றித் தருவது எல்லா உறுப்பு நாடுகளுக்கும் கடமை. அதில் அச்சிட்டிருக்கும் காலாவதித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். (1920இல் சார்லஸ் பொன்சி என்ற மோசடிக்காரர், இந்தக் கூப்பன்களை ஒரு நாட்டில் மலிவாக வாங்கி இன்னொரு நாட்டில் மாற்றி லாபம் தருவதாகச் சொல்லித்தான் மக்களிடம் பணம் திரட்டினார். கூப்பன் வியாபாரம் பெயரளவுக்கு. பழையவர்களுக்குக் கொடுத்தது புதியவர்கள் போட்ட பணம்.) அட்டை கையில் கிடைத்தே ஆக வேண்டும் என்றில்லையென்றால், 2003 முதல் இயங்கும் இணையவழி உறுதிப்படுத்தும் முறை இருக்கிறது. அட்டைதான் வேண்டுமென்றால், சங்கங்கள் நடத்தும் அட்டைப் பரிமாற்ற மையங்கள் வழியே தாமதமானாலும் பத்திரமாக வரும்.

கேள்வி: பட்டச் சான்றிதழின் மூலப் பிரதியை வெளிநாட்டுக்கு அனுப்ப வேண்டும். பெரிய தொகைக்குக் காப்பீடு செய்யலாமா?

செய்ய முடியாது. ஆவணத்தை மறுபடி பெறுவதற்கு ஆகும் செலவுக்கு மேல் அதன் காப்பீட்டு மதிப்பு இருக்கக்கூடாது என்பது விதி. அது தொலைந்ததால் போன வேலைக்கோ இடத்துக்கோ இழப்பீடு இல்லை. சான்றொப்பமிட்ட நகலை ஏற்பார்களா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: கூரியரில் ‘ஆவணங்கள்’ என்று எழுதிப் பணத்தை அனுப்பிவிடலாம் என்கிறார் நண்பர். சரியா?

நண்பர் உங்களுக்கு நல்லது சொல்லவில்லை. பெரிய கூரியர் நிறுவனங்கள் தங்கள் நிபந்தனைகளிலேயே ரொக்கத்தை ஏற்பதில்லை என்று எழுதியிருக்கின்றன. ஆவணம் என்று பொய்யாக எழுதியபின் தொலைந்தால், ரசீதில் இருப்பது ஆவணம்தான், அதற்கு மேல் கேட்க உங்களுக்கு வாயில்லை. எக்ஸ்ரேயில் பிடிபட்டால் அது சுங்கச் சட்டப்படி பொய் அறிவிப்பு, பணம் பறிமுதலாகலாம். விமானச் சரக்குக்கான மான்ட்ரியல் உடன்படிக்கையின் பொறுப்பு வரம்பும் எடைக் கணக்கில்தான் ஓடுகிறது: 2024 டிசம்பர் இறுதியிலிருந்து கிலோவுக்கு 26 எடுப்பு உரிமை அலகுகள். தனியாக மதிப்பு அறிவிக்காத அரைக் கிலோப் பொட்டலத்துக்கு 13 அலகு வரும். உள்ளே என்ன இருந்தாலும் அவ்வளவுதான்.

தொகை பெரிதானால் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூன் முதல், ஆள் இல்லாமல் தபாலிலோ பொட்டலத்திலோ வரும் 10,000 யூரோவும் அதற்கு மேலும் உள்ள ரொக்கத்துக்குச் சுங்கத் துறை அறிவிப்புக் கேட்கலாம். தங்க நாணயமும் தங்கக்கட்டியும் அந்த விதியில் ரொக்கமாகவே கணக்கிடப்படுகின்றன. அமெரிக்காவில் 10,000 டாலருக்கு மேற்பட்ட ரொக்கத்தை எல்லை கடந்து தபாலில் அனுப்பினாலும் அறிக்கை தர வேண்டும். வங்கி மாற்றமோ, உரிமம் பெற்ற பணமனுப்பு நிறுவனமோ இருக்க இந்த வம்பு எதற்கு? கட்டணம் கூடுதல் என்று தோன்றினால், அந்தக் கட்டணத்துக்கு ஒரு ரசீது கிடைக்கிறது, அதில் தொகையும் எழுதியிருக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: இணையத்தில் பழக்கமான வெளிநாட்டு நண்பர் எனக்கு நகையும் டாலரும் வைத்துப் பார்சல் அனுப்பியிருப்பதாகவும், ஸ்கேன் செய்ததில் பணம் தெரிந்துவிட்டதால் சுங்கக் கட்டணம் கட்ட வேண்டும் என்றும் ஒரு பெண் அதிகாரி தொலைபேசியில் பேசினார். ஒரு தவணை கட்டிவிட்டேன். இன்னும் கேட்கிறார்கள்.

இனி ஒரு காசும் கட்டாதீர்கள். அந்தப் பார்சல் இல்லை. பணத்தாள் நிரம்பிய பார்சலைச் சுங்கத்தில் கண்டால் பறிமுதல், விசாரணை என்றுதான் நடக்குமே தவிர, கட்டணம் வாங்கிக்கொண்டு விட்டுவிட மாட்டார்கள். உண்மையான வரி, அஞ்சலகத்திலோ கூரியர் நிறுவனத்திலோ அரசின் முறையான கட்டண வழியிலோ ரசீதுடன் செலுத்தப்படும். தனிநபர் வங்கிக் கணக்கில் போடச் சொல்லி எந்தச் சுங்க அதிகாரியும் தொலைபேசியில் பேச மாட்டார். பார்சல் எண் கொடுத்திருந்தால், அவர்கள் அனுப்பிய இணைப்பைத் தொடாமல், அஞ்சல் துறையின் இணையதளத்தை நீங்களே திறந்து அந்த எண்ணைப் பாருங்கள். பணம் கட்டிய வங்கிக்கு இன்றே தகவல் சொல்லி, பரிமாற்றத்தை நிறுத்த முடியுமா என்று கேளுங்கள். குறுஞ்செய்திகள், அழைப்பு எண்கள், பணம் போன கணக்கின் விவரம் எதையும் அழிக்காமல் இணையக் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். போன பணத்தை மீட்டுத் தருகிறோம் என்று சில நாளில் வேறொருவர் அழைப்பார், முன்பணமும் கேட்பார். அவரும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவராக இருக்கவே வாய்ப்பு அதிகம்.