கையால் தொட்டுப் பாருங்கள்: நாய் வளர்ப்போர் கேள்விகளுக்குக் கால்நடை மருத்துவர் பதில்

கேள்வி: எங்கள் குட்டிக்குப் பத்து வாரம் ஆகிறது. யார் கையை நீட்டினாலும் கவ்விக் கடிக்கிறது. மூக்கின்மேல் ஒரு தட்டுத் தட்டினால் அடங்கிவிடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்கிறார்கள். தட்டலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. குட்டிக்கு வாய்தான் கை. எதையும் கவ்வித்தான் அது தெரிந்துகொள்ளும். இப்போது அதன் வாயில் இருப்பவை பால் பற்கள், மொத்தம் 28. ஊசிபோலக் குத்தும். நான்கு மாத வாக்கில் விழத் தொடங்கி, ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். அதற்குள் எவ்வளவு அழுத்தினால் வலிக்கும் என்பதை அது கற்றுக்கொண்டாக வேண்டும்.

உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போது ஒன்று பலமாகக் கடித்துவிட்டால், மற்றது வீலென்று கத்திவிட்டு விலகிப் போய்விடும். கடித்தால் விளையாட்டு நின்றுபோகும் என்ற பாடம் அங்கே கிடைத்துவிடுகிறது. நீங்களும் அதையே செய்யுங்கள். பல் பட்டதும் கையை வெடுக்கென்று இழுக்காமல் அசையாமல் வையுங்கள். இழுத்தால் அதற்கு அது வேட்டை. பிறகு ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுங்கள். அரை நிமிடம் போதும். திரும்பி வந்து கடிப்பதற்கான பொம்மையைக் கொடுங்கள். இதை வீட்டில் எல்லோரும் ஒரேமாதிரி செய்ய வேண்டும். ஒருவர் எழுந்து போக, இன்னொருவர் சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தால் இரண்டு மாதமானாலும் கடி நிற்காது.

அடிபட்டு வளர்ந்த நாயை என் மேசைமேல் ஏற்றிய மறுகணமே கண்டுபிடித்துவிடுவேன். காதைப் பார்க்க நான் கையைத் தூக்கியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு கழுத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நாய்க்குக் காதில் சீழ் இருந்தாலும் வீட்டில் யாராலும் மருந்து விட முடியாது. உங்கள் கையைப் பார்த்தால் அதற்குப் பயம் வரவே கூடாது.

கேள்வி: ஏழாவது வாரத்தில் தடுப்பூசி போட்டுவிட்டோம். மறுபடியும் இரண்டு மூன்று முறை போட வேண்டும் என்கிறார்கள். ஒருமுறை போட்டது போதாதா? அதுவரை குட்டியை வெளியே காட்டவே கூடாதா?

பதில்: போதாது. காரணம் சீம்பால். பிறந்த முதல் நாள் குடிக்கும் சீம்பாலோடு தாயின் நோய் எதிர்ப்புப் பொருள்கள் குட்டியின் உடலுக்குள் போகின்றன. சில வாரங்களுக்கு அவைதாம் காவல். ஆனால் அந்தக் காவலுக்கு நோய்க்கிருமி எது, தடுப்பூசி எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. ஊசியில் உள்ளதையும் செயலிழக்கச் செய்துவிடும். தாய் கொடுத்த எதிர்ப்புச் சக்தி ஒரு குட்டிக்கு எட்டாவது வாரத்தில் கரையலாம், அதே ஈற்றில் பிறந்த இன்னொன்றுக்குப் பதினான்காவது வாரம்வரை இருக்கலாம். இதில் உங்கள் குட்டி எந்தக் கணக்கில் வருகிறது என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்கி, மூன்று நான்கு வார இடைவெளியில், குறைந்தது 16 வாரம் முடியும்வரை போட்டுக்கொண்டு போகிறோம். கடைசி ஊசி 16 வாரத்துக்கு முன்னால் முடிந்துவிட்டால் அந்தக் குட்டியை நான் பாதுகாப்பானது என்று சொல்ல மாட்டேன். ஓராண்டுக்குள் மீண்டும் ஒன்று போட வேண்டும். ரேபிஸ் ஊசி தனி. பொதுவாகப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு.

பார்வோ என்ற குடல் நோய்தான் இந்த வயதில் எனக்குப் பெரிய பயம். 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய வைரஸ் அது. நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். சாதாரணத் தரைக் கழுவிகள் பலவற்றுக்கு அது அசையாது. ஒரு பங்கு பிளீச்சை 30 பங்கு நீரில் கலந்து, தரையைக் கழுவிய பின் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால் அழியும். குட்டி சோர்ந்து படுத்து, வாந்தி எடுத்து, கெட்ட நாற்றத்தோடு இரத்தம் கலந்து பேதியானால் காலைவரை காத்திருக்க வேண்டாம். இரவானாலும் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

அதற்காகக் குட்டியை அறைக்குள் பூட்டி வைக்கவும் வேண்டாம். மூன்றாவது வாரம் தொடங்கிப் பதினான்காவது வாரம்வரை அது பார்க்கும் உலகம்தான் பின்னாளில் அதற்குப் பழகிய உலகம். அந்த நாட்களில் வண்டிச் சத்தம், குடை, ஊன்றுகோல் பிடித்த முதியவர், ஓடும் குழந்தை எதையும் பார்க்காத குட்டி, வளர்ந்தபின் இவை எல்லாவற்றையும் பார்த்துக் குரைக்கும். தோளில் சாய்த்துத் தூக்கிக்கொண்டு நடங்கள். பிற நாய்கள் மலம் கழிக்கும் இடத்தில் மட்டும் கீழே விடாதீர்கள். தடுப்பூசி போட்ட, நலமான நாய் உள்ள நண்பர் வீட்டுக்கு அழைத்துப் போகலாம்.

கேள்வி: என் நாய் கூப்பிட்டால் வருவதே இல்லை. பெயர் நன்றாகத் தெரியும். வீட்டுக்குள் ஓடி வருகிறது, மைதானத்தில் மட்டும் காது கேளாததுபோல் இருக்கிறது. (பள்ளி மாணவர்)

பதில்: தம்பி, மைதானத்தில் அதை எதற்காகக் கூப்பிடுகிறாய் என்று யோசித்துப் பார். பெரும்பாலும் வீட்டுக்குப் போகத்தானே? கூப்பிட்டால் விளையாட்டு முடிந்தது என்று அது கற்றுக்கொண்டுவிட்டது. இனி ஒருமுறை மைதானத்துக்குப் போனால் பத்து முறை கூப்பிடு. வந்ததும் அந்த நொடியே ஒரு தின்பண்டம் கொடுத்து, மறுபடி விளையாட விட்டுவிடு. பத்தில் ஒரு முறைதான் வீட்டுக்குப் போவதற்காக இருக்க வேண்டும். பழகும்வரை நீளமான கயிறு கட்டி வை. அரை மணி நேரம் அலையவிட்டுப் பிறகு வந்தாலும் திட்டாதே. ஓடியதற்காகத் திட்டுகிறாய் என்று அதற்குப் புரியாது. வந்ததற்காகத்தான் திட்டு என்று நினைத்துக்கொள்ளும்.

கேள்வி: கடைக்குப் போகும்போது பத்து நிமிடம் நாயைக் காரில் விட்டுப் போகிறோம். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கித்தான் வைக்கிறோம். பரவாயில்லையா?

பதில்: கூடாது ஐயா. இறக்கிவைத்த கண்ணாடியால் பயன் மிகக் குறைவு. வெளியே 25 டிகிரி செல்சியஸ் உள்ள இதமான வெயில் நாளில்கூட அரை மணி நேரத்தில் காரின் உள்ளே 40 டிகிரியைத் தாண்டிவிடும். பத்து நிமிடம் என்று போன யாரும் பத்து நிமிடத்தில் திரும்பியதாக எனக்குத் தெரியாது.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்வைச் சுரப்பிகள், அவற்றால் பெரிய பயனில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். சுற்றியுள்ள காற்றே கொதித்தால் எப்படி வெளியேற்றும்? பக், புல்டாக்போலச் சப்பை மூக்கு நாய்களின் நிலை இன்னும் மோசம்.

ஒரு பிற்பகல் பக் நாய் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார் ஒருவர். ஈறுகள் செங்கல் நிறத்தில் இருந்தன. எச்சில் பசைபோலக் கயிறு கயிறாக இழுபட்டது. வெப்பமானியில் 42.6. ஆரோக்கியமான நாய்க்கு 38.3 முதல் 39.2 வரை இருக்க வேண்டும். மயங்கியதைப் பார்த்ததும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் வண்டியைக் கிளப்பினேன் என்றார். இருபது நிமிடப் பயணம். அந்த இருபது நிமிடமும் நாய் உள்ளே வெந்துகொண்டிருந்தது. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தும் ஊற்ற வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை. அன்றிரவே இறந்துவிட்டது. முதலில் குளிர்வியுங்கள், பிறகு கிளம்புங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், கிடைக்கிற தண்ணீரை உடம்பு முழுக்க, வயிறு, தொடை இடுக்கு எல்லாம் நனையும்படி ஊற்றி, காற்று படச் செய்யுங்கள். ஈரத் துணியைப் போர்த்தி மூடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். மயங்கிய நாயின் வாயில் தண்ணீர் புகட்டாதீர்கள். தெளிந்து எழுந்து நின்றாலும் மருத்துவமனைக்குப் போயே ஆக வேண்டும். சிறுநீரகமும் குடலும் பட்ட அடி மறுநாள்தான் வெளியே தெரியும்.

கேள்வி: ஒரு கைப்பிடி உலர்திராட்சை தின்றுவிட்டது. இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறது. பொறுத்துப் பார்க்கலாமா?

பதில்: இப்படி நடந்தால் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே மருத்துவரை அழையுங்கள். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று நாய்க்கு நாய் மாறும். சாக்லேட், வெங்காயம், பூண்டு, சர்க்கரையில்லா மிட்டாய்களில் சேர்க்கும் சைலிட்டால், நாம் விழுங்கும் பாராசிட்டமால், இபுபுரூஃபன் எல்லாம் இதே வரிசைதான். வாந்தி எடுக்க வைப்பதற்காக உப்புக் கரைத்துக் கொடுக்காதீர்கள். அந்த உப்பே கொன்றுவிடும்.

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு நான்கு வயது. எல்லோரும் குண்டு என்கிறார்கள். கொழுகொழுவென்று இருப்பது ஆரோக்கியம் இல்லையா?

பதில்: உங்கள் விரல்களை அதன் விலாவில் வைத்து லேசாகத் தடவுங்கள். இப்போது உங்கள் புறங்கையை மறு கையால் தடவிப் பாருங்கள். விலா அப்படி உணரப்பட்டால் சரியான எடை. மூடிய கையின் கணுக்களைப்போல் துருத்தினால் மெலிவு. உள்ளங்கையின் சதைமேடு போலிருந்தால் கொழுப்பு. 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லேப்ரடார்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றுக்குக் கொடுத்ததில் கால் பங்கு குறைத்து மற்றதற்குக் கொடுத்து, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் பிந்தித்தான் வந்தது. அது கெஞ்சிப் பார்க்கும்போது கொடுக்காமல் இருப்பது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும், என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. அளவுக் கோப்பையால் அளந்து போடுங்கள். தின்பண்டத்தையும் அந்தக் கணக்கிலேயே கழித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எட்டு ஆண்டுகளாக எங்களோடு இருக்கும் நாய் போன வாரம் என் மூன்று வயது மகளைப் பார்த்து உறுமியது. நன்றாகத் திட்டிவிட்டேன். இனி அதை வீட்டில் வைத்திருக்கலாமா?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. ஆனால் திட்டியது தவறு. உறுமல் ஓர் எச்சரிக்கை. "என்னால் தாங்க முடியவில்லை, தள்ளிப் போ" என்று அது சொல்லியிருக்கிறது. உறுமக் கூடாது என்று பழக்கிவிட்டால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். உறுமுவதற்கு முன்பே முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கும், உதட்டை நக்கியிருக்கும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்த்திருக்கும். அவற்றைக் கவனியுங்கள்.

எட்டு ஆண்டு உறுமாத நாய் திடீரென்று உறுமினால் முதலில் வலியைத்தான் தேடுவேன். என் நாய் பதினோராம் வயதில் என் மகள் கட்டிப்பிடித்தபோது உறுமியது. வயதாகிவிட்டது என்று விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஒருநாள் இடது தாடையில் கை பட்டதும் மறுபடி உறுமியது. உதட்டைத் தூக்கிப் பார்த்தால் மேல் கடைவாய்ப் பல் நீளவாக்கில் பிளந்து கிடந்தது. மருத்துவராக இருந்தும் மூன்று வாரம் அதை வலியோடு விட்டிருக்கிறேன். அன்று முதல் தினமும் ஐந்து நிமிடம், மூக்கிலிருந்து வால்வரை தடவிப் பார்ப்பதை நான் விட்டதில்லை. காதின் உள்பக்கம், ஈறு, கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், விரல் இடுக்கு. உண்ணி ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

பரிசோதனை முடியும்வரை குழந்தையையும் நாயையும் பெரியவர் துணையின்றி ஒரு கணம்கூடச் சேர்த்து விடாதீர்கள். தின்னும்போதும் தூங்கும்போதும் குழந்தை அதன் அருகே போகக் கூடாது. தடுப்பூசி போட்ட நாயாக இருந்தாலும், பல் பட்டுத் தோல் கீறினால் குழாய் நீரை ஓடவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டுக் குழந்தையை உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

நாயைக் காட்ட வரும்போது, எந்த இடத்தைத் தொட்டபோது, என்ன செய்துகொண்டிருந்தபோது உறுமியது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். முடிந்தால் அது எழுந்து நடப்பதைக் கைப்பேசியில் படம்பிடித்தும் கொண்டுவாருங்கள். மேசைமேல் ஏறியதும் பயத்தில் பல நாய்கள் வலியை மறைத்துக்கொள்கின்றன.